டெசிமல் ஏன் ஜேசனில் ஏறமாட்டேங்குது? மஞ்சள் ஏல ஏபிஐக்கு டெஸ்ட் எழுதும்போது வரும் பிழைகள்

கேள்வி: வணக்கமுங்க, பெருந்துறையில இருந்து எழுதறேன். ஈரோடு, பெருந்துறை, கோபி ஏலத்துல போற மஞ்சள் விலைய வச்சு ஒரு ஏபிஐ பண்ணிட்டிருக்கேனுங்க. ஃபாஸ்ட்ஏபிஐ, போஸ்ட்கிரெஸ். டெஸ்ட்டுக்கு மட்டும் எஸ்கியூலைட். பைடெஸ்ட் ஓட்டுனா "ஆப்ஜெக்ட் ஆஃப் டைப் டெசிமல் இஸ் நாட் ஜேசன் சீரியலைசபிள்"னு வந்துது. ரெண்டு பக்கமும் டிஃபால்ட்டுக்கு எஸ்டிஆர் போட்டேன், போயிருச்சு. இப்ப விலை ஒரு எடத்துல எண்ணா வருது, இன்னொரு எடத்துல எழுத்தா வருது. ஒரு டெஸ்ட்டு "எக்ஸ்பெக்டிங் வேல்யூ: லைன் 1 காலம் 1"னு சாகுது. "கொடுமுடி"யும் "கொடுமுடி"யும் சமமில்லைங்குது. டெஸ்ட்டுல பச்சையா இருக்கறது சர்வர்ல ஏத்துனா அதே டெசிமல் பிழை. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

பதில்:

முதல் வேலையாக, ரெண்டு பக்கமும் போட்ட அந்த எஸ்டிஆரை, அதாவது எதையும் எழுத்துச்சரமாக்கும் பைத்தான் ஃபங்ஷனை, எடுத்துவிடுங்கள். அது பிழையைத் தீர்க்கவில்லை, வாயைத்தான் அடைத்தது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தரவை எழுத்து வடிவில் அனுப்பும் முறை ஜேசன். பைத்தானின் ஜேசன் மாட்யூலுக்குத் தெரிந்தவை கொஞ்சம்தான்: டிக்ஷனரி, லிஸ்ட், டியூப்பிள், எழுத்துச்சரம், முழு எண், ஃப்ளோட், ட்ரூ-ஃபால்ஸ், நன் (மதிப்பு இல்லை என்பதற்கான பைத்தான் சொல்). இதற்கு வெளியே எது வந்தாலும் டைப்எர்ரர்தான். டெசிமல், தேதி, யூயூஐடி, செட், பைட்ஸ் எல்லாம் அந்த வெளி ஆட்கள். ஆகவே "டெசிமல் ஏன் ஏறவில்லை" என்று கேட்பதற்கு முன்னால் "டெசிமல் எந்த வாசலில் நின்றது" என்று கேளுங்கள். டெஸ்ட்டில் வாசல் ரெண்டு. டெஸ்ட் கோடு சர்வருக்கு அனுப்பும் பேலோடு ஒன்று, சர்வர் திருப்பி அனுப்பும் ரெஸ்பான்ஸ் மற்றொன்று. பிழைச்செய்தி இரண்டுக்கும் ஒன்றேதான், மருந்து வேறு.

பிரித்தறிய, பிழை வந்த பாதையைக் காட்டும் ட்ரேஸ்பேக்கைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசியில் இருப்பது ஜேசன் மாட்யூலின் என்கோடர் கோப்பு, அதில் ஒன்றுமில்லை. அதற்கு மேலே, டெஸ்ட்டிலிருந்து கோரிக்கை அனுப்பும் எச்டிடிபிஎக்ஸ் லைப்ரரியின் கோப்பு தெரிந்தால் பிழை உங்கள் டெஸ்ட்டில். சர்வரை அது எட்டவே இல்லை. ஃபாஸ்ட்ஏபிஐக்கு அடித்தளமான ஸ்டார்லெட்டின் ரெஸ்பான்சஸ் கோப்பும் அதில் ரெண்டர் என்ற ஃபங்ஷனும் தெரிந்தால் பிழை சர்வர் பக்கம். ஃபாஸ்ட்ஏபிஐயின் டெஸ்ட்கிளையன்ட் சர்வரில் எழும் எக்ஸப்ஷனை இயல்பாகவே டெஸ்ட்டுக்குள் எறிந்துவிடும் என்பதால்தான் இரண்டும் ஒரே திரையில் கலந்து தெரிகின்றன. ஃபாஸ்ட்ஏபிஐ போன்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க்கான ஃபிளாஸ்க்கில் டெஸ்டிங் அமைப்பை ட்ரூ ஆக்காவிட்டால் எக்ஸப்ஷன் உள்ளேயே அமுங்கி, வெறும் 500 மட்டும் கைக்கு வரும்.

பேலோடு பக்கம்

டெஸ்ட்கிளையன்ட்டின் போஸ்ட்டில் ஜேசன் என்ற ஆர்குமென்ட்டுக்கு ஒரு டிக்ஷனரி கொடுக்கிறீர்கள். 2022 முதல் இந்தக் கிளையன்ட் எச்டிடிபிஎக்ஸ் மேல் ஓடுகிறது. அது பைத்தான் பொருளை ஜேசன் சரமாக்கும் சாதா ஜேசன் டம்ப்ஸைத்தான் கூப்பிடுகிறது. ஃபாஸ்ட்ஏபிஐக்கு டெசிமல் தெரியும் என்பது இங்கே உதவாது, ஏனென்றால் ஃபாஸ்ட்ஏபிஐ இன்னும் படத்திலேயே இல்லை.

இந்த வாசலில் பெரும்பாலும் மாட்டுவது, தரவின் வகையைச் சரிபார்க்கும் பைடான்டிக் லைப்ரரியின் மாடலைக் கட்டி அதன் மாடல்_டம்ப்பை அப்படியே அனுப்புவது. மாடல்_டம்ப் சும்மா கூப்பிட்டால் டெசிமல் டெசிமலாகவே இருக்கும், தேதி தேதியாகவே இருக்கும். மோட் என்ற ஆர்குமென்ட்டுக்கு "ஜேசன்" என்று கொடுத்தால்தான் எல்லாம் ஜேசனுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாறும். உங்கள் டெஸ்ட்டில் அந்த ஒரு சொல் சேர்த்தாலே பாதிப் பிழை போய்விடும்.

மாடல் இல்லாமல் கையால் எழுதும் பேலோடாக இருந்தால், டெசிமலை அங்கே கொண்டுவரவே வேண்டாம். விலையை "13459.50" என்று எழுத்துச்சரமாக, தேதியை "2026-01-15" என்று எழுத்துச்சரமாகப் போடுங்கள். நிஜ உலகில் உங்கள் ஏபிஐயைக் கூப்பிடுகிற மொபைல் ஆப்பிடம் பைத்தான் டெசிமல் இருக்காது, எழுத்துதான் இருக்கும். டெஸ்ட்டும் அதையே அனுப்பட்டும்.

இதே இடத்தில் இன்னும் ரெண்டு வழுக்கல். டம்ப்ஸ் செய்த சரத்தை மறுபடி ஜேசன் ஆர்குமென்ட்டில் கொடுத்தால் இரட்டை மடிப்பு விழும்; சர்வருக்கு ஒரு பொருள் போகாது, மேற்கோள் போட்ட ஒரு சரம் போகும், 422 (அனுப்பிய தரவு செல்லாது) வரும். டேட்டா என்ற ஆர்குமென்ட்டில் டிக்ஷனரியைக் கொடுத்தால் ஃபார்மாகப் போகும், அதற்கும் 422. 422 வந்தால் ரெஸ்பான்ஸ் உடலைப் பிரின்ட் செய்து பாருங்கள். எந்த ஃபீல்டு, என்ன குறை என்று ஃபாஸ்ட்ஏபிஐ அதில் தெளிவாகவே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் கோடை மாற்றிக்கொண்டிருப்பதில்தான் பொழுது போகிறது.

ரெஸ்பான்ஸ் பக்கம்: விலை ஏன் இரண்டு வேஷம் போடுகிறது

உங்கள் கேள்வியிலேயே கனமான விஷயம் இதுதான். ஒரே விலை மூன்று பாதையில் வெளியே போகலாம்.

எண்ட்பாயிண்ட், அதாவது ஏபிஐயின் ஒரு முகவரிக்குப் பதில் தரும் ஃபங்ஷன், வெறும் டிக்ஷனரியைத் திருப்பி, ரெஸ்பான்ஸ் மாடல் எதுவும் சொல்லாவிட்டால், ஃபாஸ்ட்ஏபிஐயின் ஜேசனபிள் என்கோடர் அதைக் கையிலெடுக்கும். அது டெசிமலை எண்ணாக்கும்: தசமப் பகுதி இருந்தால் ஃப்ளோட், இல்லாவிட்டால் முழு எண். 13459.50 போனால் 13459.5 வெளியே வரும்.

பைடான்டிக் இரண்டாம் பதிப்பு மாடலை ரெஸ்பான்ஸ் மாடலாகச் சொல்லியிருந்தால், அதே டெசிமல் "13459.50" என்ற எழுத்துச்சரமாக வரும். முதல் பதிப்பில் இது எண்ணாக வந்தது. 2023இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது மாறியது. பழைய கட்டுரைகளைப் பார்த்து டெஸ்ட் எழுதினால் இங்கேதான் முட்டும்.

மூன்றாவது, ஜேசன்ரெஸ்பான்ஸ் பொருளை நீங்களே கட்டித் திருப்புவது. அப்போது ஜேசனபிள் என்கோடர் இடையில் வராது, சாதா டம்ப்ஸ்தான். டெசிமல் பிழை சர்வர் பக்கம் வந்தால் முதலில் தேட வேண்டியது இந்த இடத்தை.

எண்ணா எழுத்தா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், லைப்ரரியிடம் விடாதீர்கள். பணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம் என்பது என் கட்சி. 1.1ஐயும் 2.2ஐயும் கூட்டினால் பைத்தான் 3.3000000000000003 என்கிறது. குவிண்டாலுக்கு 13,459 ரூபாய் வீதம் 6.35 குவிண்டால் விரலி மஞ்சள் என்றால் 85,464 ரூபாய் 65 காசு. விலை முழு ரூபாயில் கேட்கப்பட்டாலும் பெருக்கினால் காசு வந்துவிடும். ஆகவே எழுத்துச்சரமாக அனுப்புங்கள், அல்லது காசாக மாற்றி 8546465 என்று முழு எண்ணாக அனுப்புங்கள். எதை எடுத்தாலும் எல்லா எண்ட்பாயிண்ட்டுக்கும் ரெஸ்பான்ஸ் மாடல் எழுதி, அதிலேயே அந்த வகையைச் சொல்லிவிடுங்கள்.

வாதத்துக்காக எண்ணாகவே அனுப்பினாலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. டெஸ்ட் தரவில் 12000 என்று தசமமில்லாத டெசிமல். அது முழு எண்ணாகப் போகும். போஸ்ட்கிரெஸில் இரண்டு தசமம் வைத்த நியூமெரிக் காலம் (டேபிளின் நெடுவரிசை) 12000.00 தரும், அது 12000.0 ஆகப் போகும். பைத்தானுக்கு இரண்டும் சமம், டெஸ்ட் பச்சை. ஃப்ளட்டர் ஆப்பில் அந்த மதிப்பை டபுள் என்று நேரடியாக மாற்றச் சொல்லியிருந்தால், முழு எண் வருகிற நாளில் அது விழும்.

டெஸ்ட்டில் பச்சை, சர்வரில் சிவப்பு

காரணம் எஸ்கியூலைட். அதற்கு நிஜமான டெசிமல் வகையும் இல்லை, தேதி வகையும் இல்லை. நேரடி எஸ்கியூஎல் எழுதி எடுத்தால், நியூமெரிக் என்று அறிவித்த காலத்திலிருந்துகூட 13459.50 ஃப்ளோட்டாகவும் 12000.00 முழு எண்ணாகவும் வரும். தேதி எழுத்தாக வரும். இவையெல்லாம் ஜேசனில் சிரமமில்லாமல் ஏறுகிறவை. போஸ்ட்கிரெஸ் டிரைவர் அதே காலத்துக்கு டெசிமலும் தேதிப்பொருளும் தரும், அங்கே விழுகிறது. உங்கள் டெஸ்ட் அந்த வாசலைத் தட்டியதே இல்லை.

டாக்கரில் ஒரு போஸ்ட்கிரெஸை எழுப்பி, சர்வரில் இருக்கும் அதே பெரிய பதிப்பை வைத்து டெஸ்ட்டை ஓட்டுவதுதான் நேர்வழி. ஒவ்வொரு டெஸ்ட்டையும் ஒரு ட்ரான்சாக்ஷனுக்குள் போட்டு முடிவில் ரோல்பேக் செய்தால் வேகமும் பெரிதாகக் குறையாது.

டிஃபால்ட்டுக்கு எஸ்டிஆர்: ஏன் வேண்டாம்

டம்ப்ஸுக்கு ஒன்றைத் தெரியாதபோது டிஃபால்ட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடும். அதில் எஸ்டிஆரைப் போட்டால் கண்ணில் படுவதெல்லாம் எழுத்தாகும். டெசிமலும் தேதியும் ஆகும், சரி. ஏலம் போகாத லாட்டின் விவரத்தைத் தரும் ஃபங்ஷனை மாக் செய்துவிட்டு (டெஸ்ட்டுக்காக அதன் இடத்தில் ஒரு போலியை வைத்துவிட்டு) ரிட்டர்ன் மதிப்பைக் கொடுக்க மறந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக "மேஜிக்மாக் ஜேசனில் ஏறாது" என்று பிழை வந்து உங்களைக் காப்பாற்றியிருக்கும். இப்போது அந்த மேஜிக்மாக்கின் பெயரும் ஐடி எண்ணும் ஒரு சரமாகி ரெஸ்பான்ஸில் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டேட்டஸ் 200 மட்டும் பார்க்கிற டெஸ்ட் பாஸ். அவெய்ட் போட மறந்த கோரூட்டினும் இதே கதைதான். டேட்டாபேஸ் மாடல் பொருள் அப்படியே வந்தால் அதன் நினைவக முகவரி சரமாகி வாடிக்கையாளருக்குப் போகும்.

டிஃபால்ட் தேவையென்றால் நீங்களே ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுங்கள்: டெசிமல் என்றால் சரம், தேதி என்றால் ஐசோஃபார்மட், யூயூஐடி என்றால் சரம், செட் என்றால் வரிசைப்படுத்திய லிஸ்ட், மற்றதெல்லாம் டைப்எர்ரரை மறுபடி எழுப்பு. கடைசி வரிதான் முக்கியம். செட்டை வரிசைப்படுத்தச் சொல்வதற்குக் காரணம், இல்லாவிட்டால் ஓட்டத்துக்கு ஓட்டம் வரிசை மாறி டெஸ்ட் சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில் என்று ஆகும்.

டிக்ஷனரியின் கீ விஷயத்தில் இந்த டிஃபால்ட்டும் கைகொடுக்காது. ஊரும் ரகமும் சேர்ந்த டியூப்பிளை, அதாவது ஈரோடு-விரலி, கோபி-கிழங்கு என்பதைக் கீயாக வைத்து விலையைத் தொகுத்தால் "கீஸ் மஸ்ட் பி எஸ்டிஆர், இன்ட், ஃப்ளோட்…" என்று வேறொரு டைப்எர்ரர் வரும். லிஸ்ட்டாக மாற்றுவதுதான் தீர்வு: ஒவ்வொரு வரியிலும் ஊர், ரகம், விலை. ஸ்கிப்கீஸ் போட்டால் அந்தக் கீகள் சத்தமில்லாமல் காணாமல் போகும், அதைத் தொடாதீர்கள். லாட் எண்ணை முழு எண் கீயாக வைத்தால் பிழை வராது, ஆனால் போய்த் திரும்பும்போது 117 என்பது "117" ஆகியிருக்கும். டெஸ்ட்டில் கீஎர்ரர் வரும். டியூப்பிள் மதிப்பும் லிஸ்ட்டாகத்தான் திரும்பும்.

பாண்டாஸ் இருந்தால்

பாண்டாஸ் என்ற அட்டவணை லைப்ரரி வழியே எக்செல் கோப்பிலிருந்து பழைய விலையை ஏற்றுகிறவர்களுக்கு இது. பாண்டாஸுக்கு அடியில் இருக்கும் நம்பையின் ஃப்ளோட்64 பைத்தான் ஃப்ளோட்டின் வாரிசு என்பதால் ஏறிவிடும், இன்ட்64 ஏறாது. ஃபாஸ்ட்ஏபிஐயின் என்கோடர் வழியே போனால் அதற்கு வழக்கமான செய்தியும் வராது, "ஆப்ஜெக்ட் இஸ் நாட் இட்டரபிள்", "வார்ஸ்" என்று குழப்பும் ஒரு வேல்யூஎர்ரர் வரும். ஒற்றை மதிப்புக்கு ஐட்டம், வரிசைக்கு டுலிஸ்ட் என்ற மெத்தடைக் கூப்பிட்டால் சரியாகும்.

விலை போகாத லாட்டின் காலிக்கட்டம் பாண்டாஸில் நேன் ("எண் அல்ல" என்ற ஃப்ளோட் மதிப்பு) ஆகும். சாதா டம்ப்ஸ் அதை நேன் என்றே எழுதிவிடும். அது செல்லுபடியாகும் ஜேசன் இல்லை, பிரவுசர் படிக்க மறுக்கும். ஸ்டார்லெட் அதை அனுமதிப்பதில்லை, "அவுட் ஆஃப் ரேஞ்ச் ஃப்ளோட் வேல்யூஸ்" என்று வேல்யூஎர்ரர் எறியும். நல்ல காரியம்தான். நேனை நன் ஆக்க வேண்டும். ஆனால் ஃப்ளோட் காலத்தில் நன்னை வைத்தால் பாண்டாஸ் அதை மறுபடி நேன் ஆக்கிவிடும். அதனால் முதலில் ஆஸ்டைப் என்ற மெத்தடால் காலத்தை ஆப்ஜெக்ட் ஆக்கி, பிறகு வேர் என்ற மெத்தடால் மாற்றுங்கள். காலியிருந்த முழு எண் காலம் ஃப்ளோட்டாகி லாட் 117 என்பது 117.0 என்று வருவதையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள்.

"எக்ஸ்பெக்டிங் வேல்யூ: லைன் 1 காலம் 1"

இது திசையே வேறு: படிக்கும்போது வரும் பிழை. வந்தது ஜேசனே இல்லை என்று பொருள். ஜேசன் மெத்தடைக் கூப்பிடும் முன்னால் ஸ்டேட்டஸ் கோடையும் டெக்ஸ்ட்டையும் பாருங்கள். 204 என்றால் உடல் காலி, கூப்பிடவே கூடாது. 500 என்றால் "இன்டர்னல் சர்வர் எர்ரர்" என்ற வெறும் வாசகம். எச்டிடிபிஎக்ஸின் அசிங்க் கிளையன்ட்டை நேரடியாகப் பயன்படுத்தினால் இன்னொன்று: முகவரிக் கடைசியில் சாய்கோடு கூடவோ குறையவோ இருந்தால் ஃபாஸ்ட்ஏபிஐ 307 தந்து திருப்பிவிடும், அந்தக் கிளையன்ட் இயல்பாகத் திருப்பலைப் பின்தொடராது, காலி உடலோடு நிற்பீர்கள். ஸ்டார்லெட்டின் டெஸ்ட்கிளையன்ட் பின்தொடரும், ஆகவே அங்கே தெரியாது.

"எக்ஸ்பெக்டிங் பிராப்பர்ட்டி நேம் என்க்ளோஸ்ட் இன் டபுள் கோட்ஸ்" என்றால் யாரோ டிக்ஷனரியை எஸ்டிஆர் செய்து அனுப்பியிருக்கிறார்கள், ஒற்றை மேற்கோள். "அன்எக்ஸ்பெக்டட் யூடிஎஃப்-8 பிஓஎம்" என்றால் விண்டோஸில் சேமித்த டெஸ்ட் கோப்பு. திறக்கும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று சொல்லுங்கள்.

கொடுமுடியும் கொடுமுடியும்

இது பைத்தான் கோளாறு இல்லீங்க, தமிழ் எழுத்தின் யூனிகோடு வாகு. "கொ" என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. நீளத்தைக் கேட்டால் ஒன்று கூடுதலாக இருக்கும். "கோ", "கௌ" இரண்டுக்கும் இதே நிலை. கொங்கு நாட்டில் ஊர்ப்பட்டியல் வைத்திருப்பவர் தப்பவே முடியாது: கொடுமுடி, கோபி, கோயம்புத்தூர், பொள்ளாச்சி, கொடிவேரி.

யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸை என்எஃப்சி வடிவத்துக்குக் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாகும். டெஸ்ட்டில் மட்டும் செய்யாதீர்கள். உள்ளே வரும் இடத்தில், பைடான்டிக் வேலிடேட்டரில் செய்யுங்கள், இல்லையென்றால் டேட்டாபேஸில் இரண்டு கொடுமுடி சேர்ந்து தேடலில் பாதி லாட் காணாமல் போகும். ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் "ள" எழுத்தும் தட்டியிருந்தால் நார்மலைஸ் காப்பாற்றாது, அது எழுத்துப்பிழை.

தமிழ் ஒப்பீட்டில் இன்னொன்று: ரெஸ்பான்ஸின் டெக்ஸ்ட்டில் "ஈரோடு" இருக்கிறதா என்று தேடுவது. ஸ்டார்லெட் தமிழை அப்படியே அனுப்பும். ஃபிளாஸ்க்கும் சாதா டம்ப்ஸும் ஒவ்வொரு குறியீட்டையும் ஆறு எழுத்து எஸ்கேப்பாக மாற்றும். என்ஷ்யூர்_ஆஸ்கியை ஃபால்ஸ் ஆக்கினால் மாறாது. ஆனால் டெஸ்ட்டில் டெக்ஸ்ட்டை ஒப்பிடாமல் படித்தெடுத்த ஜேசனை ஒப்பிட்டால் இந்தக் கேள்வியே எழாது.

தேதி

சரத்தோடு சரத்தை ஒப்பிட வேண்டாம். ஒரே கணத்தை +05:30 என்றும் எழுதலாம், ஜிஎம்டியில் கடைசியில் இசட் போட்டும் எழுதலாம். இரண்டையும் ஃப்ரம்ஐசோஃபார்மட்டில் படித்து ஒப்பிடுங்கள். இசட் எழுத்து பைத்தான் 3.11 முதல்தான் அதற்குப் புரியும். ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கின் என்கோடர் மைக்ரோசெகண்டை மில்லிசெகண்டாக வெட்டிவிடும் என்பதால் அங்கே சரத்தை ஒப்பிட்டால் சமமாகாது. ஃபிளாஸ்க் தேதியை ஐசோவாகத் தருவதில்லை. 2026 தை முதல் நாளை, வியாழன், 15 ஜனவரி, 00:00:00 ஜிஎம்டி என்ற ஆங்கில வாசகமாகத் தரும். நேரமண்டலம் சொல்லாத இந்திய நேரத்தைக் கொடுத்தாலும் ஜிஎம்டி என்றே முத்திரை குத்தும், ஐந்தரை மணி நேரம் பிசகும்.

எந்த ஃபீல்டு என்று தெரியாதபோது

பைத்தான் 3.14இல் பிழையோடு எந்த ஃபீல்டில் மாட்டியது என்ற குறிப்பும் சேர்ந்து வருகிறது. பழைய பதிப்பென்றால், டிக்ஷனரி, லிஸ்ட் இரண்டுக்குள்ளும் இறங்கி, மேலே சொன்ன வகைகளுக்கு வெளியே எது வந்தாலும் அதன் பாதையையும் வகையையும் பிரின்ட் செய்கிற பத்து வரி ஃபங்ஷனை, பைடெஸ்ட்டின் பொது அமைப்புகள் இருக்கும் கான்ஃப்டெஸ்ட் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு பொல்லாத லாட்டை ஃபிக்ஸ்ச்சராக (டெஸ்ட்டுகள் பகிர்ந்துகொள்ளும் தயார் தரவாக) எழுதுங்கள்: ஊர் கொடுமுடி, இரண்டு குறியீடு வடிவில், ரகம் கிழங்கு, எடை 6.35; ஒரு வரியில் விலை 12000.00, இன்னொரு வரியில் விலை நன். நேரம் +05:30 ஓடு. எல்லா எண்ட்பாயிண்ட்டையும் இதே லாட்டை வைத்து போஸ்ட்கிரெஸ் மேல் ஓட்டுங்கள், விலையின் மதிப்போடு அதன் வகையையும் அசர்ட் செய்யுங்கள். முதல் ஓட்டத்தில் நாலைந்து சிவப்பு வரும், வெசனப்படாதீங்க. அவை இப்போதும் உங்கள் சர்வரில் இருப்பவைதான்.